காத்து நின்ன பிறகும் ஆடுற தண்ணி

இன்னைக்குத் தண்ணி கதை. ஆனா வெள்ளம், வறட்சி, ஆத்துப் பங்கீடு எதுவும் இல்ல. ஒரு ஏரி மொத்தமா ஒரு கரையில ஏறி, எதிர்க்கரையில இறங்கி, அப்புறம் மாத்தி ஏறி இறங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடுற கதை.

தண்ணி லாரி பின்னாடி வண்டி ஓட்டினவங்களுக்கு இது பாதி தெரியும். லாரி பிரேக் போட்டு நின்னுடும். ஆனா மூடி வழியா தண்ணி முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை கொட்டிக்கிட்டே இருக்கும். வண்டி நின்னது தண்ணிக்குத் தெரியாது. தள்ளிவிட்ட ஊஞ்சல் தன் கணக்குல ஆடி முடிக்கிற மாதிரி, அதுவும் தன் கணக்குல ஆடித்தான் முடிக்கும். அந்தக் கணக்கை யாரும் வெளியில இருந்து கொடுக்கல. தொட்டி எவ்ளோ நீளம், தண்ணி எவ்ளோ ஆழம், அவ்ளோதான்.

இப்ப அந்தத் தொட்டியை 72 கிலோமீட்டர் நீளத்துக்கு இழுங்க. அதுதான் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில இருக்கிற ஜெனீவா ஏரி. அங்க ஏரியோட மேற்கு முனையில, ஜெனீவா ஊர் பக்கம், தண்ணி திடீர்னு ஏறும், கொஞ்ச நேரம் கழிச்சு இறங்கும். மழை இல்ல, ஏரிக்கு அலை ஏத்த இறக்கம்னு சொல்ற அளவுக்கு எதுவும் கிடையாது. ஆனா 1841-ல அந்த முனையில ஒன்றரை மீட்டருக்கு மேல ஏறி இறங்கியிருக்கு. கரையோரத்து ஜனங்க இதுக்கு ஒரு பேர் வச்சிருந்தாங்க: சேஷ். தண்ணி வத்தி அடித்தரை காய்ஞ்சு தெரியறதைக் குறிக்கிற சொல்லா இருக்கலாம்னு சொல்றாங்க. ஃபாசியோ தெ துயிலியே 1730-ல இதை எழுதி வச்சார். இன்னைக்கும் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதுக்குப் பயன்படுத்தறது அந்தக் கரையோரத்து வார்த்தைதான். எனக்கு இதுல ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

பேர் வந்து 140 வருஷம் வரைக்கும் என்ன நடக்குதுன்னு சரியா யாருக்கும் புரியல. ஏன்னா எல்லாரும் ஒரு கரையில நின்னு பாத்தாங்க. ஒரு கரையில நின்னா தண்ணி ஏறுது, இறங்குது, அவ்ளோதான் தெரியும். எதிர்க்கரையில அதே நேரம் என்ன ஆகுதுன்னு பாக்கணும்னு தோணினவர் ஃபோரல். ஃபிரான்சுவா அல்ஃபோன்ஸ் ஃபோரல், 1841-ல அந்த ஏரிக்கரை ஊரான மோர்ஜ்ல பொறந்தவர். மருத்துவம் படிச்சவர். லோசான்ல பேராசிரியர். 1869-ல ஆரம்பிச்சு பல வருஷம் இந்த ஆட்டத்தை அளந்தார். கரைக்குப் பக்கத்துல ஒரு சின்னத் தொட்டி, ஏரியையும் தொட்டியையும் இணைக்கிற ஒரு குழாய், அதுக்குள்ள ஒரு மிதவை. ஏரி ஏறினா மிதவை ஒரு பக்கம் போகும், இறங்கினா மறுபக்கம் போகும். அப்புறம் தானா காகிதத்துல கோடு போடுற கருவியையும் வச்சார்.

கிடைச்ச விடை எளிமையானது. ஏரி ஒரு சீசா பலகை. ஒரு முனை ஏறினா மறு முனை இறங்குது, நடுவுல ஒரு கோட்டுல தண்ணி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. ஒரு முழு ஆட்டத்துக்கு ஜெனீவா ஏரி எடுக்கிற நேரம் சுமார் 73 நிமிஷம். காத்து எப்படி அடிச்சாலும், ஆட்டம் பெருசோ சின்னதோ, அதே 73 நிமிஷம்.

இதுக்கு ஒரு சூத்திரம் ஏற்கெனவே இருந்தது. பாசல் நகரத்து மெரியன் 1828-லயே கணக்கு போட்டு வச்சிருந்தார், ஏரிக்காரங்க யாரும் கவனிக்கல. காதால கேக்கறவங்களுக்காக மெதுவா சொல்றேன். ஆழத்தை மீட்டர்ல எடுங்க, 9.8 ஆல் பெருக்குங்க, வர்க்கமூலம் எடுங்க. அது தண்ணி தள்ளாடிப் போற வேகம். ஏரியோட நீளத்தை ரெண்டால பெருக்கி இந்த வேகத்தால வகுத்தா, ஒரு ஆட்டத்தோட நேரம். ஜெனீவாவுக்குச் சராசரி ஆழம் 154 மீட்டர். போட்டுப் பாத்தா 62 நிமிஷம் வரும். நெஜம் 73. பதினொரு நிமிஷம் உதைக்குது. ஏன்னா சூத்திரம் ஏரியைச் செவ்வகத் தொட்டின்னு நினைக்குது, ஜெனீவா ஏரியோ பிறை மாதிரி வளைஞ்சு, ஒரு முனையில ஒல்லியா, ஆழம் கம்மியா இருக்கு. ஒரு வரிச் சூத்திரத்துக்கு இது மோசமில்ல.

சரி, இதுல நம்ம ஊர் எங்க வருது? ரெண்டு இடத்துல வருது. முதல் இடம் ரொம்ப தூரம் சுத்தி வரும், பொறுத்துக்கங்க.

1950 ஆகஸ்ட் 15. சுதந்திரம் வாங்கி மூணு வருஷம். ராத்திரி 7.40 மணி வாக்குல அஸ்ஸாம், திபெத் எல்லையில ரீமாவுக்குப் பக்கத்துல பூமி ஆடுது. அளவு 8.6. கருவி வச்சு அளக்க ஆரம்பிச்சதுல இருந்து நிலப்பரப்புல வந்த மிகப் பெரிய நிலநடுக்கங்கள்ல ஒண்ணு. செடி தேடி அலையற பிரிட்டிஷ்காரர் ஃபிராங்க் கிங்டன்-வார்டு அன்னைக்கு மனைவியோட ரீமா பக்கத்துலயே கூடாரம் போட்டிருந்தார். உயிர் பிழைச்சு அதைப் பத்தி எழுதினார்.

அதே நாள், 7,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி நார்வேயில, மலைக்கு நடுவுல கடல் புகுந்து நிக்கிற ஃபியோர்டுகள்லயும் ஏரிகள்லயும் நீர்மட்டம் பதிவு பண்ற கருவிகள் வழக்கம்போல கோடு போட்டுக்கிட்டு இருந்தது. அந்தக் கோடு திடீர்னு நடுங்குது. இங்கிலாந்துல சில நீர்த்தேக்கங்கள்லயும் அப்படியே. அங்க யார் காலுக்கும் அதிர்வு தெரியல. தண்ணிக்குத் தெரிஞ்சது. ஆண்டர்ஸ் க்வாலேன்னு ஒரு நார்வேக்காரர் இந்தப் பதிவுத் தாள்களை எல்லாம் தேடிச் சேர்த்து 1955-ல அமெரிக்க நிலநடுக்கவியல் சங்கத்தோட இதழ்ல கட்டுரையா எழுதினார். நிலநடுக்கத்தால ஏரி ஆடுறதுக்கு ஆங்கிலத்துல இன்னைக்கு இருக்கிற பேர் அவர் வச்சதுதான். அஸ்ஸாமை வச்சு வந்த பேர்.

இதுக்கு முன்னாடி நடந்ததே இல்லையான்னா, நடந்திருக்கு. 1755-ல லிஸ்பன் நிலநடுக்கம் வந்த அன்னைக்கு ஸ்காட்லாந்துல லாக் லோமண்ட் ஏரி ரெண்டடிக்கு மேல ஏறி இறங்கிச்சு. பின்னாடி 1964 அலாஸ்கா நிலநடுக்கத்துல வட அமெரிக்காவுல மட்டும் 850-க்கு மேற்பட்ட நீரளவு நிலையங்கள்ல பதிவாச்சு, ஆஸ்திரேலியாவுல 4 இடத்துல.

ஆனா 1950-ல என்னைப் பிடிச்சு நிறுத்தறது வேற. ஒரே நிலநடுக்கம். நார்வேயில அது காகிதத்துல ஒரு நடுக்கம். இங்க மலைச்சரிவு விழுந்து சுபன்சிரி ஆத்தை அடைச்சிருச்சு. 8 நாள் கழிச்சு அந்த அடைப்பு உடைஞ்சு, 7 மீட்டர் உயரத்துக்கு வந்த தண்ணியில 532 பேர் செத்தாங்க. அறிவியல் உலகத்துல அந்த ராத்திரிக்கு ஒரு பேர் மிஞ்சினது அங்க. இங்க ஊர்கள் போயிருச்சு. காரணம் சிம்பிள்தான். அங்க ஒவ்வொரு தண்ணியிலயும் ஒரு பேனா கோடு போட்டுக்கிட்டு இருந்தது.

அங்க ஏன் ஆடிச்சுன்னும் கேக்கணும். ரொம்ப தூரத்துல இருந்து வர்ற நிலநடுக்க அலை ரொம்ப மெதுவா ஆட்டும், ஒரு ஆட்டத்துக்கு 20 விநாடியில இருந்து நிமிஷக் கணக்கு வரைக்கும். ஃபியோர்டு அகலம் கம்மி, ஆழம் ஜாஸ்தி. 2 கிலோமீட்டர் அகலம், 300 மீட்டர் ஆழம்னு வச்சு அதே சூத்திரத்தைப் போட்டா குறுக்கு ஆட்டத்துக்கு 74 விநாடி. அலையோட தாளமும் தண்ணியோட தாளமும் பொருந்துது. ஊஞ்சலைச் சரியான நேரத்துல தள்ளுற மாதிரி. 2011 ஜப்பான் நிலநடுக்கத்தப்பவும் இதே கதை. நார்வே ஃபியோர்டுகள்ல ஒரு மீட்டருக்கு மேல தண்ணி ஏறி இறங்கிச்சு, ஜனங்க போன்ல வீடியோவே எடுத்தாங்க.

இப்ப நம்ம கோயில் குளத்துக்குப் போடுங்க. 60 மீட்டர் பக்கம், 4 மீட்டர் தண்ணி. 19 விநாடி வருது. பெரிய ஏரிக்குப் போட்டா 15, 20 நிமிஷம் வரும். அதனால தூரத்து நிலநடுக்கத்துக்குக் குளம் ஆடும், ஏரி பெருசா கண்டுக்காது. 2004 டிசம்பர் 26 காலையில வங்காளத்துலயும் பங்களாதேஷ்லயும் குளங்கள் தளும்பினதா செய்தி வந்தது இந்தக் கணக்குக்கு ஒத்துப்போகுது. கடலே ஊருக்குள்ள வந்த அன்னைக்கு குளம் தளும்பினதை யார் பெருசா பேசப் போறாங்க.

ஒரு சின்ன கிளைக்கதை. திருகோணமலை. அங்க துறைமுகத்துல கடல்மட்டம் நிமிஷக் கணக்குல ஆடிக்கிட்டே இருக்கும். அலை ஏத்த இறக்கத்தைக் கணக்கு போடுறவங்களுக்கு இது இரைச்சல், வடிகட்டித் தள்ள வேண்டியது. நானும் சாஃப்ட்வேர்ல டேட்டாவைப் பாத்தா முதல்ல செய்யறது அதுதான், வழுவழுன்னு ஆக்கறது. விஜேரத்ன, உட்வொர்த், பியூ மூணு பேரும் 2010-ல இலங்கைக் கடலோரத்து ஆட்டங்களைப் பத்தி ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. திருகோணமலை ஆட்டம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பெருசாகுது. அமாவாசை, பௌர்ணமிக்குச் சரியா இல்ல, சில நாள் தள்ளி. ஏன் தள்ளி? அந்தமான் பக்கம் கடலுக்கு அடியில உண்டாகிற உள் அலைகள் வங்கக் கடல் முழுக்க மெதுவா கடந்து, இங்க வந்து சேர அத்தனை நாள் எடுக்குது. துறைமுகத்து இரைச்சலுக்குள்ள அந்தமான் இருந்திருக்கு.

சரி, ரெண்டாவது இடம். எங்க ஊர்.

வெம்பாக்கம் தாலுகாவுல, காஞ்சிபுரத்துக்குத் தெற்கே மாமண்டூர். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கிற குன்று, அதை ஒட்டி பல்லவர் காலத்து ஏரி. சித்திரமேகத் தடாகம்னு பழைய பேர். குடைவரை பாக்க வர்றவங்க எல்லாம் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் போட்டோ எடுப்பாங்க. என் கணக்குல அங்க பெரிய அதிசயம் ஏரிதான்.

இந்த மாதிரி ஒரு ஏரிக்குக் கணக்கு போடுவோம். நீளம் 3 கிலோமீட்டர், நிறைஞ்சிருக்கறப்ப ஆழம் 3 மீட்டர்னு வைங்க. சரியான அளவு இல்ல, கணக்குக்காக. வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர், சைக்கிள்ல நிதானமா போற வேகம். ஒரு முழு ஆட்டம் பதினெட்டரை நிமிஷம். நெசவுக்காரங்க பாஷையில, நாடா இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வர்ற நேரம். வீராணத்துக்குப் போட்டா, 16 கிலோமீட்டர் நீளம், ஆழம் ஒண்ணு ரெண்டு மீட்டர், ரெண்டுல இருந்து மூணு மணி நேரம் வரும்.

அப்ப ஏன் நம்ம யாரும் இதைப் பாத்ததில்ல? ஆடாததால இல்ல. ஆழம் கம்மியான ஏரியில அடித்தரை உரசும், கோரையும் தாமரையும் தடுக்கும், ஒண்ணு ரெண்டு ஆட்டத்துலயே அடங்கிடும். ஜெனீவா மாதிரி நாள் கணக்குல ஆடாது. அளக்கறதும், தினமும் காலையில ஒருத்தர் மதகுப் பக்கம் அளவுப் பலகையைப் பாத்து ஒரு எண் எழுதறது. பதினெட்டு நிமிஷத்துல நடக்கறது, இருபத்திநாலு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி வச்சா எப்படித் தெரியும்? வராது.

ஆனா நம்ம ஏரியில கவனிக்க வேண்டியது இந்த ஆட்டமே இல்லங்கறது என் கருத்து. ஆட்டத்துக்கு முந்தின நிலை. காத்து ஒரே திசையில விடாம அடிச்சா தண்ணி கீழ்க்காத்துப் பக்கம் ஏறி நிக்கும், ஏரி சாய்ஞ்சு நிக்கும். காத்து விட்டதும் திரும்பி ஓடுறதுதான் ஆட்டம். எவ்ளோ சாயும்ங்கறது மூணு விஷயத்தைப் பொறுத்தது: காத்தோட வேகம், தண்ணி மேல அது ஓடுற தூரம், ஆழம். ஆழம் கீழ வகுக்குது. ஆழம் பாதியானா சாய்வு ரெட்டிப்பு.

இதோட உச்சக்கட்ட உதாரணம் அமெரிக்காவுல ஈரி ஏரி. ஆமா, ஏரியோட பேரே ஈரி. அஞ்சு பெரிய ஏரிகள்ல ஆழம் ரொம்பக் கம்மியானது, நீளமோ 388 கிலோமீட்டர். மேற்கு காத்து அடிச்சா கிழக்கு முனையில பஃபலோ நகரத்துல ரெண்டு மீட்டருக்கு மேலயும் ஏறும். 1844 அக்டோபர்ல ராத்திரி அப்படி ஏறினதுல 78 பேர் செத்தாங்க. சிகாகோ கதை இன்னும் மோசம். 1954 ஜூன் 26. சூறைக்காத்து ஏரியைக் கடந்து போயிருச்சு, வானம் அமைதி, ஜனங்க மறுபடி மீன் பிடிக்க பாலத்துல வந்து நிக்கறாங்க. எதிர்க்கரையில மோதித் திரும்பின தண்ணி பத்தடி உயரத்துல வந்து 8 பேரை அடிச்சுக்கிட்டுப் போச்சு. காத்து போனா ஆபத்து போச்சுன்னு நினைக்கறது மனுஷ இயல்பு.

நம்ம மூணு மீட்டர் ஏரிக்கு வருவோம். புயல் காத்து விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். தோராயமா போட்டா, கரைப் பக்கம் 15 சென்டிமீட்டர், அரை அடி ஏறும். இதுக்கு மேல அலை தனி. அரை அடி தானேன்னு தோணும். கலிங்கு வழியா தண்ணி வழிஞ்சுக்கிட்டு இருக்கற நிறை ஏரியில, ஒரு இடத்துல கரை தேய்ஞ்சு தாழ்ந்திருந்தா, அரை அடி போதும். மண்கரை மேல தண்ணி ஏறி வழிய ஆரம்பிச்சுட்டா அது தானா நிக்காது. அறுத்துக்கிட்டே போகும். எங்க பக்கம் குழித்தறி வச்சிருக்கிற வீடுகள்ல, மழைக்காலத்துல தறிக்குழியில தண்ணி ஊறினாலே வேலை நின்னுடும். கரை போனா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல.

பழைய ஆளுங்களுக்கு மெரியன் தெரியாது. ஆனா கரையோட உள்பக்கம் கல் பதிச்சாங்க. அலைகல்னு அதுக்குப் பேரே இருக்கு. நிறை மட்டத்துக்கு மேல கரையை உயர்த்தி வச்சாங்க. தூர் வார நிலமும் பொன்னும் எழுதி வச்ச கல்வெட்டுகள் எத்தனையோ. பக்கத்துல உத்திரமேரூர்ல முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919, 921, குடவோலைக்காக எல்லாரும் சொல்றது. அதுல ஏரி வாரியம்னு ஏரிக்குன்னே ஒரு குழு இருக்கு. தேர்தல் பத்திப் பேசறவங்க அந்த வார்த்தையை வேகமா கடந்து போயிடறாங்க.

தூர் வார்றதை நாம எப்பவும் கொள்ளளவு கணக்கா மட்டும்தான் பேசறோம். இவ்ளோ மண்ணு எடுத்தா இவ்ளோ தண்ணி கூட நிக்கும்னு. சரிதான். ஆனா இன்னொரு பக்கம் இருக்கு. மூணு மீட்டர் ஏரி தூர்ந்து ஒன்றரை மீட்டர் ஆயிடுச்சு, கலிங்கு அதே உயரம், கரை அதே உயரம். அளவுப் பலகை பாத்தா அதே எண். வெளியில இருந்து எதுவும் மாறல. ஆனா அதே புயலுக்கு அந்த அரை அடி இப்ப ஒரு அடி. கரைக்கு மேல விட்டு வச்ச இடைவெளியை வண்டல் உள்ள இருந்து சத்தமில்லாம தின்னிருக்கு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அந்த ஆட்டத்தை வச்சே தூரை அளக்கலாம்ங்கறது. சூத்திரத்தைத் திருப்பிப் போடணும், அவ்ளோதான். நீளம் வரைபடத்துல இருக்கு. ஆட்டத்தோட நேரத்தை அளந்தா சராசரி ஆழம் வந்துடும். மூணு மீட்டர் ஏரி பதினெட்டரை நிமிஷத்துல ஆடும். ஒன்றரை மீட்டர் ஆயிட்டா 26 நிமிஷம் எடுக்கும். ஏழரை நிமிஷ வித்தியாசம். இதைப் பிடிக்கப் பெரிய லேப் வேண்டாம். மதகுச் சுவத்துல ஒரு அழுத்தமானி, நிமிஷத்துக்கு ஒரு எண், நினைவட்டையில சேமிச்சா போதும். 2004-க்கு அப்புறம் இந்தியப் பெருங்கடல் துறைமுகங்கள்ல கடல்மட்டக் கருவிகளை நிமிஷக் கணக்குக்கு மாத்தினாங்க. ஏரிக்கு அதே வேலை அதைவிட எளிசு.

சிக்கலும் இருக்கு, மறைக்க மாட்டேன். நம்ம ஏரிக்கு அடித்தரை சரிவு, கரைப் பக்கம் ஆழம், நீர்ப்பிடிப்புப் பக்கம் கணுக்கால் அளவு. செவ்வகச் சூத்திரம் ஜெனீவாவுக்கே பதினொரு நிமிஷம் தப்பினது. அதனால ஒரே ஒரு அளவை வச்சு ஆழம் சொல்லக் கூடாது. ஒரே ஏரியை, நிறை மட்டத்துல, வருஷா வருஷம் அளந்து, நேரம் நீளுதான்னு பாக்கணும். ரெண்டு ஆட்டத்துல அடங்கிடுறதால, வடகிழக்குப் பருவத்துல காத்து திடீர்னு விடுற ராத்திரிகளுக்காகக் காத்திருக்கணும். வருஷத்துக்கு அப்படி நாலஞ்சு ராத்திரி கிடைச்சாலே தாராளம்.

உங்க ஊர் ஏரியோட நீளமும் நிறை ஆழமும் தெரிஞ்சா கணக்கு போட்டு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கறேன். பிறை மாதிரி வளைஞ்ச ஏரியா இருந்தா அதையும் சொல்லிடுங்க.